பக்கத்து கீக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கத்திய இசையில் ஒரு பாட்டின் ஆதார சுரமும் அதன் சுர வரிசையும் சேர்ந்ததுதான் கீ. சி மேஜருக்கு நெருங்கிய கீக்கள் ஐந்து: ஏ மைனர், ஜி மேஜர், இ மைனர், எஃப் மேஜர், டி மைனர். கீ சிக்னேச்சரில் (வரியின் தொடக்கத்தில் எழுதும் குறிகளில்) ஒரு ஷார்ப் (அரைச் சுரம் உயர்வு) அல்லது ஒரு ஃப்ளாட்டுக்கு (அரைச் சுரம் தாழ்வு) மேல் வித்தியாசம் வரக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. பெயரைப் பார்த்து சி மைனரையும் பலர் சேர்த்துவிடுகிறார்கள். அதற்கு மூன்று ஃப்ளாட், தூரத்து உறவு. இ மைனரில் டி ஷார்ப் அடிக்கடி வருகிறதே என்று அதை ஒதுக்குவதும் தவறு. அது இடையில் உயர்த்தும் சுரம், சிக்னேச்சரில் கிடையாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஜி கார்டை (ஜி, பி, டி சேர்ந்து ஒலிப்பது) வாசித்ததுமே ஜி மேஜருக்கு வந்துவிட்டதாக நினைப்பது. காது அதை சி மேஜரின் ஐந்தாம் கார்டாகவே கேட்கும். எஃப் ஷார்ப் ஒலித்தால்தான் பேச்சே தொடங்கும். கர்நாடக இசை பழகியவர்கள் இதைக் கிரக பேதத்தோடு (அதே சுரங்களில் சட்ஜமத்தை மட்டும் மாற்றுவது) குழப்பிக்கொள்ள இடமுண்டு. சங்கராபரணத்தின் பஞ்சமத்தை சட்ஜமாக்கினால் கிடைப்பது ஹரிகாம்போதி. ஜி மேஜர் என்பதோ ஜி-யைச் சட்ஜமாக வைத்த சங்கராபரணம். ஹரிகாம்போதியின் கைசிகி நிஷாதம் (தாழ்ந்த நி) காகலியாக (உயர்ந்த நி) ஏறியாக வேண்டும். அந்தக் காகலிதான் எஃப் ஷார்ப்.

அடுத்தது பிவட் கார்டு, அதாவது இரண்டு கீக்கும் பாலமாகும் பொதுவான கார்டு. சி மேஜருக்கும் ஜி மேஜருக்கும் பொதுவானவை சி, இ மைனர், ஜி, ஏ மைனர். இவற்றில் ஏ மைனரே நல்ல தேர்வு: பழைய கீயில் ஆறாவது, புதியதில் இரண்டாவது. சி, ஏ மைனர், டி7 (டி கார்டோடு ஏழாம் சுரமான சி சேர்ந்தது), ஜி என்று வாசித்துப் பாருங்கள். டி7-இல் எஃப் ஷார்ப் ஜி-க்கு ஏற வேண்டும், சி பி-க்கு இறங்க வேண்டும். இந்த இரண்டு நகர்வும் தவறினால் கேடன்ஸ் (கார்டுகள் வந்து முடியும் இடம்) வலுவிழக்கும். எஃப் மேஜருக்குப் போகும்போது ஜி கார்டு பிவட் ஆகாது, அதில் பி நேச்சுரல் (ஃப்ளாட் ஆகாத பி) இருக்கிறது. டி மைனர், சி7, எஃப் என்று போகலாம்.

மேல் குரலில் எஃப் ஒலித்த உடனே பாஸில் (கீழ்க் குரலில்) எஃப் ஷார்ப் வந்தால் உறுத்தும். இரண்டும் அடுத்தடுத்து வருவதானால் ஒரே குரலில் வரட்டும்.

டி7, ஜி என ஒருமுறை தொட்டுவிட்டு உடனே சி-க்குத் திரும்பினால் அது மாடுலேஷன் (கீ மாற்றம்) அல்ல, ஐந்தாம் கார்டுக்குக் கொடுத்த சிறு அழுத்தம் மட்டுமே. கேடன்ஸுக்குப் பிறகு ஒரு நான்கு பார் (தாளக் கட்டம்) வரையாவது எஃப் நேச்சுரல் தலைகாட்டாமல் புதிய கீயில் இருங்கள்.

திரும்பும் வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. ஜி-யிலிருந்து வெறுமனே சி கார்டுக்குப் போனால் அது ஜி மேஜரின் நான்காம் கார்டாகவே கேட்கும். ஜி கார்டில் எஃப் நேச்சுரலைச் சேர்த்து ஜி7 ஆக்குங்கள். அந்த எஃப் இ-க்கு இறங்கும்போது சி மேஜர் திரும்பிவிடும்.