முதுகெலும்பு ஆபரேஷன்: எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கவே கூடாது

எம்ஆர்ஐ ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றைக்கே பாதிப் பேர் மனசளவில் படுத்துவிடுகிறார்கள். 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' என்று அதில் ஒரு வரி இருக்கும், அதாவது இடுப்புப் பக்கத்து நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று. அதை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினால் ஒருவர் உடனே ஆபரேஷன் பண்ணிடுங்க என்பார், இன்னொருவர் முதுகில் கத்தி வைத்தால் அப்புறம் எழுந்திருக்கவே முடியாது என்பார். இரண்டையும் கேட்காதீர்கள். அந்த ஒரு வரியை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

ஏன் என்றால், முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதிலேயே 100க்கு 30 பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது, 80 வயதில் 84 பேருக்கு. நரை மாதிரி வயதோடு வருவதுதான் அதில் பெரும்பகுதி. படத்தில் தெரிகிற பிதுக்கம், காலில் வலி இறங்குகிற பாதையோடும் மரத்துப்போன இடத்தோடும் சுத்தியலால் தட்டிப் பார்க்கிற ரிஃப்ளெக்ஸோடும் ஒத்துப்போனால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. உங்களைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்க்காமல், கால் கட்டைவிரலை மடக்கி நீட்டச் சொல்லாமல், ஃபிலிமை மட்டும் பார்த்துவிட்டு ஒருவர் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தால், தயங்காமல் இன்னொரு டாக்டரிடம் போங்கள். சென்னையில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் 1950லிருந்து நரம்பு அறுவை சிகிச்சைத் துறை இயங்குகிறது.

டிஸ்க் விலகி காலுக்கு இறங்கும் வலி, அதாவது சயாட்டிகா, பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் மருந்து, நடை, பிசியோதெரபியிலேயே நன்றாகக் குறைந்துவிடும். வெளியே வந்த டிஸ்க் துண்டு பல நேரம் உடம்பாலேயே கரைக்கப்பட்டுச் சுருங்கிப்போகிறது. அதற்குப் பிறகும் கால் வலி தாங்க முடியவில்லை என்றால் ஆபரேஷன் நல்ல வழிதான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கால் வலிக்குக் கிடைக்கிற அளவு நிவாரணம் வெறும் முதுகுவலிக்குக் கிடைக்காது. இதைத் தெரியாமல் போய், கால் சரியாகிவிட்ட பிறகும் 'முதுகு இன்னும் வலிக்குதே, ஆபரேஷன் தோத்துப்போச்சு' என்று நொந்துபோகிறவர்கள் நிறைய. அதனால் முன்கூட்டியே நேராகக் கேளுங்கள்: இது என் கால் வலிக்கா, முதுகுவலிக்கா? எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஸ்க்ரூ ஏன் தேவை, டிஸ்க் துண்டை மட்டும் எடுத்தால் போதாதா? எலும்பு முறிந்திருந்தாலோ, ஒரு எலும்பு மற்றொன்றின் மேல் நழுவி ஆடிக்கொண்டிருந்தாலோ ஸ்க்ரூவுக்குக் காரணம் உண்டு. முதல் தடவை விலகிய சாதாரண டிஸ்க்குக்குப் பொதுவாகத் தேவைப்படாது.

இனி காத்திருக்கவே கூடாத விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு நிஜமாகவே ஆற்றாமை வருவது இங்கேதான். சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படுகிற இடம் மரத்துப்போவது, சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தும் வராமல் இருப்பது, அல்லது தெரியாமலே போய்விடுவது, இரண்டு காலிலும் பலம் குறைவது. இதற்குப் பெயர் காடா ஈக்வினா. தண்டுவடம் முடிந்த பிறகு கீழே கொத்தாக இறங்கும் நரம்புகள் நசுங்குகின்றன என்று பொருள். நாளைக்குப் பார்க்கலாம், திங்கட்கிழமை ஓபி இருக்கு என்பதெல்லாம் கூடாது, அந்த ராத்திரியே கேஷுவாலிட்டிக்குப் போக வேண்டும். 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்பே அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. தாமதமானால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். நம் வீடுகளில் பெண்கள் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு நாட்களைக் கடத்துகிறார்கள், அம்மாவோ அக்காவோ முதுகுவலி என்றால் நீங்களே இதைக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, செருப்பு காலை விட்டுத் தானாகக் கழன்றுபோனால் கவனியுங்கள். பாதத்தை மேலே தூக்குகிற நரம்பு பலவீனமாகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். வலி குறைந்து பாதம் தொங்க ஆரம்பித்தால், குணமாகிறது என்று அதை நினைத்துவிடாதீர்கள்.

கழுத்தில் தண்டுவடம் அழுந்தும்போது பல நேரம் கழுத்து வலிக்கவே வலிக்காது, அதனால்தான் அது ஏமாற்றுகிறது. சட்டைப் பட்டன் போட வராது, சாதம் பிசைந்து வாயில் வைக்கத் தடுமாறும், கையெழுத்து மாறும், நடை தள்ளாடும். வயசாயிடுச்சு என்று விட்டுவிடுவார்கள், அல்லது காலர் பட்டை வாங்கி மாட்டிக்கொள்வார்கள். காலர் அந்த அழுத்தத்தை எடுக்காது. ஆபரேஷனின் முதல் நோக்கம் இருக்கிற பலத்தைக் காப்பாற்றுவது, அதனால் சீக்கிரம் போனவர்களுக்குத்தான் பலன் அதிகம். சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைச் சொடுக்குவார்களே, அதை யாரும் செய்துகொள்ளாதீர்கள்.

அப்புறம் விபத்து. மழைக்காலத்தில் பள்ளத்தில் இறங்கிச் சரிந்த பைக், சாரத்திலிருந்து விழுந்த கட்டட வேலைக்காரர், ஆழமில்லாத தண்ணீரில் தலைகீழாகக் குதித்த பையன். சுற்றி நிற்கிறவர்கள் நல்ல மனசோடுதான் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடித்து உட்காரவைத்து ஓடுகிறார்கள். உடைந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தைக் கிழிக்க அந்த ஒரு மடக்கு போதும். 108க்கு அழையுங்கள், தீப்பிடிப்பது மாதிரி ஆபத்து இல்லாவிட்டால் அவரை அசைக்காதீர்கள். தலையையும் கழுத்தையும் ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ளட்டும், வாந்தி வந்தால் உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் திருப்புங்கள், ஹெல்மெட்டை இழுக்காதீர்கள், தண்ணீரோ சோடாவோ வாயில் ஊற்றாதீர்கள். போலீஸ், சாட்சி என்று பயந்து ஒதுங்க வேண்டாம், உதவுகிறவர்களுக்கு 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் பாதுகாப்பு தருகிறது. பணத்துக்காகவும் நேரத்தை விட வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். முதுகில் அடிபட்டவரைக் கட்டுப் போடுகிற இடத்துக்கோ எண்ணெய் தேய்க்கிற இடத்துக்கோ முதலில் கொண்டுபோகவே கூடாது.

முதுகுவலியோடு சாயந்திரக் காய்ச்சலும் எடை குறைவதும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைத்துப் பாருங்கள், நம் ஊரில் அது அரிதில்லை. பலருக்கு மாத்திரையிலேயே குணமாகும். ஆபரேஷனோடு ஒப்பிட்டு அதை நிரூபித்த ஆய்வுகளில் முக்கியமான ஒன்று மெட்ராஸிலேயே நடந்தது. கால் பலமிழந்தாலோ எலும்பு சரிந்து கூன் விழுந்தாலோதான் கத்தி தேவைப்படும். அப்போதும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

ஆபரேஷன் முடிவாகிவிட்டதா? சரி, ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் புண்ணில் சீழ் பிடிக்கலாம். எலும்பு ஒட்டவைக்கிற ஆபரேஷன் என்றால் சிகரெட்டை விட்டே ஆக வேண்டும், நிகோடின் எலும்பை ஒட்டவிடாது. முடிந்த பிறகு மூன்று மாதம் படுக்கை என்பது பழைய பேச்சு, டிஸ்க் ஆபரேஷன் ஆனவர்கள் பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ நடக்கிறார்கள். காய்ச்சல், தையலில் கசிவு, புதிதாகக் கால் மரப்பு வந்தால் மட்டும் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

தண்டுவடமே அடிபட்டவர்களின் குடும்பத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆபரேஷன் எலும்பை நிலைநிறுத்தும், அழுத்தத்தை எடுக்கும். செத்துப்போன நரம்பை உயிர்ப்பிக்க அதனால் முடியாது. நகையையும் நிலத்தையும் விற்று எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே கொட்டிவிட்டு, மறுவாழ்வுப் பயிற்சிக்குக் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறார்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம் என்று விளம்பரம் வரும். தண்டுவடக் காயத்துக்கு அதை ஆராய்ச்சிக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதல், அதற்குப் பணம் கட்டாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கையாள்வது, சக்கர நாற்காலிக்கு மாறுவது, இதையெல்லாம் வீட்டில் இரண்டு பேராவது டிஸ்சார்ஜுக்கு முன்பே நர்ஸிடம் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது, டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே டாக்டரிடம் அங்கே போகக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.