‘சொன்னார்’ என்றால் சே-யா, டெல்-லா? மெயில் எழுதத் தொடங்குபவர்களுக்கு

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஆபீசுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதப் பழக்குவது என் வேலைகளில் ஒன்று. போன மாதம் ஒரு தம்பி, துணி வாங்குகிற பையர் நிறம் அடர்த்தியாக இருந்தது என்று சொன்னதை இப்படி எழுதியிருந்தார்: ‘த பையர் டோல்டு டு மீ த ஷேட் வாஸ் டார்க்.’

“பையர் எங்கிட்டச் சொன்னாருங்கக்கா, அதைத்தானுங்க எழுதினேன்” என்றார்.

தப்பு எங்கிருந்து வந்தது என்பது அந்தப் பதிலிலேயே இருக்கிறது. ‘எங்கிட்ட’ என்பதில் உள்ள ‘கிட்ட’தான் ‘டு’ ஆகிவிட்டது. அர்த்தத்தைப் பார்த்தால் சே, டெல் இரண்டும் சொல்வதுதான். வினைக்குப் பின்னால் எது வந்து ஒட்டுகிறது என்பதில்தான் வேறுபாடு. அதைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

முதலில், சொன்னதைக் காதில் வாங்கியவர் யார் என்று வரியில் சொல்லப்போகிறீர்களா என்று பாருங்கள். சொன்னால் டெல் (நடந்து முடிந்ததற்கு டோல்டு), ஆள் அதை ஒட்டியே வர வேண்டும், நடுவில் டு கூடாது: ‘த பையர் டோல்டு மீ த ஷேட் வாஸ் டார்க்.’ அவரைச் சொல்லவில்லை என்றால் சே (நடந்து முடிந்ததற்கு செட்): ‘த பையர் செட் த ஷேட் வாஸ் டார்க்.’ சே போட்டுவிட்டு ஆளையும் சொல்ல வேண்டுமா? அப்போதுதான் டு: ‘செட் டு மீ.’ பொய், உண்மை, கதை மூன்றும் விதிவிலக்கு. ஆள் இல்லாவிட்டாலும் டெல்தான். ‘டெல் எ லை’ என்பார்கள், ‘சே எ லை’ கிடையாது.

அடுத்தது ‘பற்றி’. விலையைப் பற்றிப் பேசினோம் என்று நினைத்துக்கொண்டே எழுதுவதால் ‘டிஸ்கஸ்டு அபவுட் த ப்ரைஸ்’ என்று வந்துவிடுகிறது. டிஸ்கஸுக்குள்ளேயே அந்த ‘பற்றி’ அடங்கியிருக்கிறது. ‘வீ டிஸ்கஸ்டு த ப்ரைஸ்’ போதும். டாக் போட்டால் மட்டும் அபவுட் வேண்டும்.

அப்புறம் ‘பார்’. இதற்குத் துணி செக்கிங் டேபிளுக்கே போய்விடலாம். துணியை விரித்துக் கண்ணை அதன் மேல் திருப்புகிறீர்கள்: லுக் அட். ஓர் ஓட்டை கண்ணில் படுகிறது: சீ. நிட்டிங் மெஷின் ஓடும்போது நூல் அறுகிறதா என்று நின்று கவனிக்கிறீர்கள்: வாட்ச். ‘ஐ லுக்டு அட் த ஃபேப்ரிக் அண்ட் சா எ ஹோல்’ என்று ஒரே வரியில் இரண்டு ‘பார்’ வரும். லுக் அட் கண்ணைத் திருப்புவது, சீ தென்படுவது.

பிரிங், டேக் இரண்டுக்கும் தமிழையே நம்பலாம். கொண்டு வா என்றால் பிரிங், கொண்டு போ என்றால் டேக். சாம்பிளை என் டேபிளுக்குப் பிரிங், சாயப்பட்டறைக்கு டேக்.

சந்தேகம் வந்தால் ஆங்கிலம்-தமிழ் அகராதி இங்கே உதவாது. அது அர்த்தத்தோடு நின்றுவிடும். கற்பவர்களுக்கென்றே எழுதிய ஆங்கில அகராதியைப் பாருங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி 1942-இல் அங்கேயே அப்படி ஒன்றை வெளியிட்டார். 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துப் பதிப்பித்தது. எந்த வினைக்குப் பின்னால் என்ன வரும் என்று அதில் காட்டியிருப்பார். தாய்மொழி வேறாக இருப்பவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று வகுப்பறையில் நின்று பார்த்தவர் அவர்.

சரி, இப்போது உங்கள் சென்ட் பாக்ஸைத் திறந்து ‘டோல்டு’ என்று தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆள் நிற்கிறாரா, ‘டு’ நிற்கிறதா என்று பாருங்கள்.