பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம்: இந்த வாரம் தெரிந்துகொண்டவை

வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்ப்பவர்கள் இப்போது நிறையப் பேர். ஆனால் பார்க்கும் முறை தப்பானால் அளவும் தப்பாகத்தான் வரும். காபி, டீ குடித்திருந்தால் அரை மணி நேரம் போகட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்கக் கூடாது. அப்புறம் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கையை மேசைமேல் வையுங்கள்; கையில் சுற்றும் பட்டை நெஞ்சின் உயரத்தில் இருக்க வேண்டும். கை கீழே தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும். பட்டையைச் சட்டைமேல் சுற்ற வேண்டாம், பார்க்கும்போது பேச்சும் வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பார்த்து, இரண்டையும் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு தடவை கூடிவிட்டது என்று மாத்திரையை நீங்களே மாற்றிவிடாதீர்கள், தயவுசெய்து.

சிறுதொழில் செய்பவர்களுக்கு ஒரு செய்தி. உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) உள்ள குறு, சிறு நிறுவனம் தயாரித்துக் கொடுத்த சரக்குக்கு, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' (பேங்க் ரேட்) என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது.

கடைசியாக, போன். பணம் வந்து சேர யூபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள். மோசடியில் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். அந்தப் பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.