உங்கள் தெருவிலிருந்தே தொடங்குங்கள்

வறுமையை ஒழிக்க நிறைய பணம் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் உங்கள் தெருவில் யார் யார் வட்டி கட்டுகிறார்கள் என்று பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கிய பூக்கார அக்கா மாதம் 1,000 ரூபாயை வட்டிக்கே கொடுக்கிறார், அசல் அப்படியே நிற்கிறது.

இதற்கு மகளிர் சுயஉதவிக் குழுதான் நல்ல வழி, தமிழ்நாட்டில் இது 1989-இல் தருமபுரியில் தொடங்கியது. 12 முதல் 20 பெண்கள், வாரம் ஒரு கூட்டம், எல்லோராலும் முடிகிற சிறு சேமிப்பு, அதிலிருந்தே உறுப்பினர்களுக்கு உள்கடன். கணக்கை நோட்டில் எழுதி எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டுங்கள், அதில் ஒளிவுமறைவு வந்தால் குழு நிலைக்காது. ஆறு மாதம் ஒழுங்காக நடத்தினால் வங்கியில் கடன் கேட்கலாம். கடன் வந்ததும் முதலில் கந்துவட்டிக் கடனை அடைத்துவிடுங்கள்.

அப்புறம், தனியாக இருக்கும் தாத்தா பாட்டிகள். முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்துக்கு நீங்களே கூட்டிப்போங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள், ஓர் எழுத்து மாறினாலும் பாவம், அலைய வேண்டிவரும். விண்ணப்ப எண்ணைக் குறித்துவைத்து, பணம் வரும்வரை கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரித்துக்கொண்டே இருங்கள்.