நோட்டின் மடிப்பைக் காட்டிக்கொடுக்கும் சாய்ந்த வெளிச்சம்

சேகரிப்புக்காகக் காகிதப் பண நோட்டு வாங்கும் முன் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு டார்ச்சை நோட்டின் பக்கவாட்டில், மேசையோடு ஒட்டினாற்போல் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். பிறகு நோட்டை 90 டிகிரி திருப்பி ஒருமுறை, பின்பக்கமும் அதேபோல். திருப்புவதை விட்டுவிடாதீர்கள்: ஒளி வரும் திசையிலேயே ஓடும் மடிப்பு நிழல் தராது.

நேர் வெளிச்சத்தில் கண்ணில் படாத மடிப்பும் சாய்ந்த ஒளியில் கோடாக எழுந்து நிற்கும். தரத்தை முதலில் கீழே இழுப்பது அந்தக் கோடுதான். நோட்டின் தரத்தை மதிப்பிடும் 70 புள்ளி அளவுகோலில் 60-ம் அதற்கு மேலும் ‘அன்சர்குலேட்டட்’, அதாவது புழங்காத நோட்டு; அங்கே மடிப்புக்கு இடமே இல்லை. நடுவில் லேசாக ஒரே ஒரு மடிப்பு இருந்தாலும் 50–58 வரிசைக்கு இறங்கிவிடும். எண்ணும்போது விழும் மெல்லிய வளைவு வேறு. அது காகித நாரை முறிப்பதில்லை. இஸ்திரி போட்டு மடிப்பை மறைத்த நோட்டும் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் மேடாக இருக்க வேண்டிய அச்சு மை தட்டையாகிக் கிடக்கும்.

ஊசித்துளை, ஒட்டுவேலை, காகிதம் மெலிந்த இடம் ஆகியவற்றுக்கு இது போதாது. நோட்டைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தால் உறையின் கீறலே மடிப்பு போல ஏமாற்றும். பாலிமர் (பிளாஸ்டிக்) நோட்டில் நார் கிடையாது, அங்கே மை உதிர்ந்த வெள்ளைக் கோட்டைத் தேடுங்கள்.