மாட்டுக்கு வந்திருக்குறது வைரஸ் மருதானா? கண்டுபிடிக்கிறது எப்படி (நான் ரெண்டு தடவ சொதப்புன கதையோட)

போன வருஷம் எங்க கட்டுத்தரையில மூணு ஜெர்சி கிராஸ் கிடேரிக்கு ஒரே மாசத்துல மூக்கச் சுத்தி மரு கெளம்புச்சுங்க. மொதல்ல கடுகு சைஸ், அப்புறம் மிளகு, ரெண்டு மாசத்துல ஒருத்திக்கு உதட்டோரம் காலிஃபிளவர்ல ஒரு கொத்த பிச்சு ஒட்டுன மாதிரி ஆயிடுச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பாத்துட்டு அம்மை நோயின்னு சொல்ல, இன்னொருத்தர் அது வெறும் பாலுண்ணிதான் சுண்ணாம்பு வைங்கன்னு சொல்ல, எங்கம்மா "கண்ணு, மத்த மாட்டுக்கு ஒட்டிக்கப் போவுது, என்னன்னு பாரு"ன்னு தினம் ஒரு தடவ கேக்க, கடைசியில லேப் வரைக்கும் போய் வந்து கத்துக்கிட்டததான் இங்க எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, பத்து மாடு வெச்சிருக்குறவன், அத மனசுல வெச்சுட்டு படிங்க.

மாட்டு மருவுக்குக் காரணம் பாப்பிலோமா வைரஸ். மாட்டுக்கு வர்ற பாப்பிலோமாவுல மட்டும் இருபது டைப்புக்கு மேல இருக்கு, நம்பர் போட்டுத்தான் கூப்புடுறாங்க. 1, 2 தோலுக்கு அடியில இருக்குற நார்ச் சதையையும் சேத்து வளத்து விடும், 4 வாய், உணவுக்குழாய்க்குள்ள வரும், 5, 6 எல்லாம் காம்புல வர்றது. இவ்ளோ தெரிஞ்சாப் போதும், மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்.

மொதல் வேல: அது மருதானான்னு பாக்குறது

சிரிக்காதீங்க, ஒருத்தர் எனக்கு காம்புல மருன்னு போட்டோ அனுப்பி, ஜூம் பண்ணிப் பாத்தா ரத்தம் குடிச்சு உப்பிப் போன உண்ணி. ஓரத்த லேசா தூக்கிப் பாருங்க, கால் தெரியும். மரு தோல்லயே வேர் விட்டு இருக்கும், சொரசொரன்னு இருக்கும், மேல சாம்பலோ கருப்போ வெள்ளையோ இருக்கும்.

அடுத்து தெர்மாமீட்டர். இத விட்டுட்டு எதையும் பண்ணாதீங்க. மரு வந்த மாட்டுக்கு காய்ச்சல் இருக்காது, சோளத்தட்டு தின்னும், அச போடும், பாலும் வழக்கம் போல. 104, 105 டிகிரி காய்ச்சலோட, ஒண்ணு ரெண்டு நாள்லயே கழுத்து, முதுகு, காலு, மடின்னு உடம்பு பூரா உருண்ட உருண்டையா கட்டி எழும்பி, காலு வீங்கி, பாலு இறங்கிருச்சுன்னா அது மரு இல்ல, தோல் கழலை நோயா இருக்க வாய்ப்பு அதிகம். 2019ல ஒடிசாவுல மொதல்ல தெரிஞ்சு அப்புறம் நாடு பூரா பரவுச்சே, அதேதான். அதுவும் வைரஸ்தான், ஆனா அம்மைக் குடும்பம். அப்படி இருந்தா இந்தப் பதிவ மூடிட்டு கால்நடை உதவி நம்பர் 1962க்கு போன் போடுங்க, மாட்ட தனியா கட்டுங்க. கையில தடவுனா வித்தியாசம் தெரிஞ்சுரும், கழலைக் கட்டி தோலோட முழு தடிமனும் சேந்து கெட்டியா காசு மாதிரி இருக்கும், மேல முடி அப்படியே இருக்கும், மரு தோலுக்கு வெளிய துருத்திக்கிட்டு நிக்கும், அது மேல முடி இருக்காது.

படர்தாமரைய வெச்சும் ஏமாறுவாங்க. கண்ணச் சுத்தி வட்ட வட்டமா சாம்பல் பூசுன மாதிரி பொறுக்கு கட்டி முடி கொட்டி இருந்தா அது பூஞ்ச. கிடேரிக்கும் கன்னுக்கும் ரெண்டுமே ஒரே நேரத்துல இருக்கலாம், அதனால ஒண்ணப் பாத்ததும் முடிவு பண்ணிராதீங்க.

காம்புல இருந்தா உங்க கையப் பாருங்க

ஆமாங்க, மாட்டு காம்ப பாக்கறதுக்கு முன்னாடி கறக்குறவங்க கையப் பாருங்க. மாட்டு மரு வைரஸ் மனுசனுக்கு மரு கொண்டு வராது. ஆனா போலி மாட்டம்மைன்னு ஒண்ணு இருக்கு, அது கறக்குறவங்க வெரல்ல செவப்பா, வலி அதிகம் இல்லாத ஒரு முண்டு மாதிரி வரும். காம்புல செவந்து, பொறுக்கு தட்டி, பொறுக்கு விழுந்த எடம் குதிரை லாடம் மாதிரி வளஞ்சு இருந்து, உங்க வெரல்லயும் முண்டு இருந்துச்சுன்னா அது மரு இல்ல. சில வாரத்துல ஆறிடும், ஆனா மறுபடி வரும்.

இன்னொண்ணு ஹெர்பிஸ் வைரஸ் வகை. திடீர்னு காம்பு வீங்கி நீலம் பாரிச்சு தோலு உரிஞ்சு வரும், மாடு பக்கத்துலயே விடாது, ஒத தான். மருவுக்கு அப்படி வலி இருக்காது, கறக்கும்போது கிள்ளுப்பட்டு ரத்தம் வந்தாத்தான் ஒதைக்கும்.

காம்பு மருவுலயே தினுசு உண்டு. அரிசிய ஒட்டி வெச்ச மாதிரி தட்டையா வெள்ளையா இருந்தா அனேகமா 5, நூலு நூலா தொங்குனா 6, வழவழன்னு உருண்டையா இருந்தா 1ன்னு சொல்லுவாங்க. ஆனா ஒரே காம்புல ரெண்டு மூணு டைப் ஒண்ணா இருக்கும், அதனால கண்ணால பாத்து சத்தியம் பண்ண முடியாது.

எந்த எடத்துல இருக்குன்னு வரைஞ்சு வைங்க

ஒரு நோட்டுல மாடு மாதிரி ஒரு கோட்டுப் படம் (எம்படம் ஆடு மாதிரிதான் இருந்துச்சு) போட்டு மரு இருக்குற எடத்துல எல்லாம் புள்ளி வைங்க. இது ஏன்னா இந்த வைரஸ் சும்மா நல்ல தோலு மேல பட்டா உள்ள போகாது, கீறல் வேணும். அதனால மரு இருக்குற எடம் வைரஸ் எந்த வழியா வந்துச்சுன்னு காட்டிக் குடுத்துரும். கழுத்துல வரிசையா ஒரு கோடு மாதிரி இருந்தா முள்ளுக்கம்பி. காதுல கம்மல் (நம்பர் போட்ட அடையாள வில்லை) போட்ட ஓட்டையச் சுத்தி இருந்தா கம்மல் போட்ட மெஷின். எங்களுக்கு மூணுக்கும் மூக்குத் துளையச் சுத்தி. யோசிச்சுப் பாத்தா மூணுக்கும் ஒரே நாள்ல, ஒரே ஊசியில நான்தான் மூக்கு குத்தி கயிறு போட்டேன், ரெண்டரை மாசம் முன்னாடி. வைரஸ் உள்ள போயி மருவா வெளிய தெரிய சாதாரணமா ரெண்டு மாசம் வரைக்கும் ஆகும், சிலதுக்கு அதுக்கும் மேல. கணக்கு சரியா இருந்துச்சு, எம்மேலதான் தப்பு.

ஊசிய ஸ்பிரிட்ல தொடச்சேனே? இந்த வைரஸுக்கு வெளிய கொழுப்பு உறை கெடையாது, அதனால ஸ்பிரிட்டுக்கு அவ்ளோ சுலபத்துல சாகாது. குக்கர்ல வெச்சு வேக வைங்க.

போட்டோ வாரம் ஒரு தடவ, அதே கெழம, அதே பக்கம் நின்னு எடுங்க. பக்கத்துல அளவுக்கு ஐஸ்குச்சியில சென்டிமீட்டர் கோடு போட்டு வெச்சு எடுத்துட்டு குச்சிய தூக்கிப் போட்டுருங்க. நெறைய பேரு காசு வெப்பாங்க, அந்தக் காசு அப்புறம் அடுத்த மாட்டுக்குப் போவும், வேண்டாம். வெளிச்சத்துக்கு தலையில மாட்டுற டார்ச்சுதான், மொபைல் பிளாஷ் அடிச்சா ஈரமான மூக்கு பளபளன்னு வெளுத்துப் போயி ஒண்ணும் தெரியாது.

சாம்பிள் எடுக்குறது (நான் சொதப்புன எடம்)

எல்லாருக்கும் இது தேவையில்ல. ரெண்டு வயசுக்குள்ள இருக்குற கிடேரி, நாலஞ்சு மரு, நல்லா திங்குதுன்னா விட்டுருங்க, பெரும்பாலும் சில மாசத்துல எதிர்ப்பு சக்தி வந்து தானா காஞ்சு விழுந்துரும், சிலதுக்கு ஒரு வருஷம் இழுக்கும். ஆனா வயசான மாட்டுக்கு திடீர்னு வந்தா, ஒரு வருஷம் தாண்டியும் போகலன்னா, காம்புல கறக்க முடியாத அளவுக்கு இருந்தா, பார்க்க புண்ணு மாதிரி அழுகி இருந்தா, இல்ல பண்ணையில பாதி மாட்டுக்கு இருந்தா லேப்புக்கு அனுப்புறது நல்லது.

வெட்டுறது டாக்டர் வேல. மரத்துப் போற ஊசிய மருவுக்குள்ள போடாம சுத்தி போட்டு எடுப்பாங்க. நம்ம வேல பாட்டில ரெடியா வெக்கிறது. அதத்தான் நான் கெடுத்தேன்.

மொத தடவ: மருவ பூரா ஃபார்மலின்ல (சதை அழுகாம வெக்கிற மருந்து) போட்டுக் கொண்டு போனேன். பத்து நாள் கழிச்சு ரிப்போர்ட்டுல பாப்பிலோமான்னு வந்துச்சு, சந்தோஷம், எந்த டைப்புன்னு கேட்டா லேப்ல இருந்தவங்க "தம்பி, ஃபார்மலின்ல ஊறுன சதையில டிஎன்ஏ துண்டு துண்டா போயிருக்கும், பிசிஆருக்கு (வைரஸ் டிஎன்ஏவப் பெருக்கிப் பாக்குற டெஸ்ட்டுக்கு) தனியா கொண்டு வந்திருக்கணும்"னாங்க.

ரெண்டாவது தடவ: சரி, இப்ப ரெண்டு பாட்டில். ஒண்ணுல ஃபார்மலின், ஒண்ணுல சும்மா. ராத்திரி ஆயிடுச்சு, காலையில போலாம்னு ரெண்டையும் கவர்ல சுத்தி வீட்டு ஃப்ரீசர்ல மீனுக்குப் பக்கத்துல வெச்சுட்டேன் (வீட்டுல விழுந்த திட்டு தனிக் கத). பிசிஆர் பாட்டில் நல்லா இருந்துச்சு, ஃபார்மலின் பாட்டில்ல இருந்தது கெட்டுப் போச்சு. செல்லுக்குள்ள இருக்குற தண்ணி பனிக்கட்டி ஆயி செல்ல கிழிச்சுருமாம், மைக்ராஸ்கோப்புல பாத்தா ஒரே ஓட்ட ஓட்டையா இருந்துச்சாம்.

ஆக இத செவுத்துல எழுதி வைங்க: ஒரே மருவ ரெண்டா வெட்டி, ஒரு பாதி ஃபார்மலின்ல ஐஸ் இல்லாம, மறுபாதி ஐஸ்ல ஃபார்மலின் இல்லாம.

ஃபார்மலின் பக்கம்: கடையில வாங்குறதுல ஒரு பங்குக்கு ஒம்பது பங்கு தண்ணி. சதை அளவப் போல பத்து மடங்கு திரவம் இருக்கணும், துண்டு அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல வேண்டாம், ஏன்னா மருந்து மெதுவாத்தான் உள்ள எறங்கும், வெளிய வெந்து உள்ள அழுகிரும். பாட்டில் வாய் அகலமா இருக்கணும். சின்ன வாய் மருந்து பாட்டில்ல மெத்துன்னு உள்ள போன சதை ஃபார்மலின்ல வெறச்சுக்கிட்டு வெளிய வராது, லேப்ல பாட்டில ஒடைக்க வேண்டியதாப் போச்சு ஒருத்தருக்கு. வெளியில காத்தோட்டமா நின்னு கலக்குங்க, கண்ணு எரியும்.

ஐஸ் பக்கம்: சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில், தெர்மோகோல் பெட்டி, ஐஸ். அன்னைக்கே லேப்ல சேத்துருங்க, முடியலன்னா இத மட்டும் ஃப்ரீசர்ல வெக்கலாம். ஒவ்வொரு மாட்டுக்கும் புது பிளேடு, புது கையுறை, இல்லன்னா ஒரு மாட்டு வைரஸ் இன்னொரு மாட்டு ரிப்போர்ட்டுல வந்து நிக்கும்.

எந்த மருவ எடுக்கறது? காஞ்சு விழப் போறதும் வேண்டாம், கடுகு சைஸ்ல இருக்கறதும் வேண்டாம், நல்லா வளந்துட்டு இருக்குற ஒண்ணு, அடி வேரோட. மேல இருக்குற சொரசொரப்ப மட்டும் சொரண்டிக் குடுத்தா செத்த தோலுதான் இருக்கும், கீழ நார்ச் சதை சேந்து வளந்திருக்கா இல்லையான்னு பாக்க முடியாது.

லேபிள் பென்சில்ல எழுதுங்க. பேனா மையி ஃபார்மலின் பட்டா கரஞ்சு ஓடிரும். மாட்டு வயசு, எத்தன நாளா இருக்கு, எந்த எடம், காது கம்மல் நம்பர், இது நாலும் போதும்.

ரிப்போர்ட்ட படிக்கிறது

திசு ரிப்போர்ட்டுல தோலு தடிச்சிருக்கு, கெரட்டின் கூடியிருக்கு, கோய்லோசைட் இருக்குன்னு இருந்தா பாப்பிலோமா. கோய்லோசைட்னா உட்கரு சுருங்கி சுத்தி வெள்ளையா வட்டம் விழுந்த செல்லு, வைரஸ் புகுந்த அடையாளம். பிசிஆர்ல வைரஸோட எல்1 ஜீன்ல ஒரு துண்டப் பெருக்கிப் பாப்பாங்க, ரிசல்ட்டுல கோடு மாதிரி பட்டை விழுந்தா வைரஸ் இருக்கு, அத சீக்வென்ஸ் பண்ணுனாத்தான் (டிஎன்ஏ எழுத்த வரிசையாப் படிச்சாத்தான்) டைப் தெரியும். நல்லா இருக்குற மாட்டுத் தோல்லயும் சில சமயம் இந்த வைரஸ் டிஎன்ஏ கெடைக்கும், அதனால பிசிஆர் பாசிட்டிவ் மட்டும் வெச்சு அந்தக் கட்டிக்கு இதுதான் காரணம்னு சொல்ல முடியாது, திசு ரிப்போர்ட்டும் சேந்து பேசணும். ரெண்டு பாட்டில் கேக்குறது இதுக்குத்தான்.

டைப் தெரிஞ்சு என்ன ஆவப் போவுதுன்னு கேட்டா, வீட்டுல ஒத்த மாடு வெச்சிருக்கறவங்களுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, வைத்தியம் மாறாது. பண்ணை மாட்டு மருவுல இருந்தே டாக்டர் தடுப்பூசி தயார் பண்ணப் போறாங்கன்னா உதவும்.

அப்டேட் 1: நீலகிரிப் பக்கம் இருந்து ஒருத்தர் மாடு ரத்தமா ஒண்ணுக்குப் போவுது, இதுக்கும் மருவுக்கும் சம்பந்தம் உண்டான்னு கேட்டிருந்தாங்க. உண்டு. மலையில மொளைக்கிற பிராக்கன் பெரணிய ரொம்ப நாளா மேயுற மாட்டுக்கு மூத்திரப் பையில புத்து வரும், அதுல டைப் 2 வைரஸும் கூட்டு. வெளிய தோல்ல மரு தெரியணும்னு கட்டாயம் இல்ல. உண்ணிக் காய்ச்சல்லயும் செவப்பா போகும், அதனால ரத்தம், மூத்திரம் ரெண்டும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.

அப்டேட் 2: குளம்புக்குப் பின்னாடி முடியோட மரு மாதிரி வளந்து நொண்டுதுன்னு ஒரு கேள்வி. பேருலதான் மரு, அது பாக்டீரியா வேல, இந்த முறை எதுவும் அதுக்குப் பொருந்தாது.

அப்டேட் 3: பால் குடிக்கலாமான்னு நாலு பேரு. காம்புல புண்ணோ ரத்தமோ இல்லன்னா காய்ச்சிக் குடிங்க. மரு இருக்குற மாட்ட கடைசியா கறங்க, அவ்ளோதான்.

அப்டேட் 4: பஸ் பார்சல்ல அனுப்புன பாட்டில் ஒழுகிப் போச்சுன்னு ஒருத்தர் பொலம்பியிருந்தாரு. மூடி மரைய பிளம்பர் சுத்துற வெள்ளை டேப்ப நாலு சுத்து சுத்தி மூடுங்க, அப்புறம் பஞ்சு வெச்ச கவர்குள்ள போட்டு இன்னொரு டப்பாவுல வைங்க. ஐஸ் பெட்டிக்குள்ள ஃபார்மலின் பாட்டில சேத்து வெச்சுராதீங்கன்னு மறுபடி சொல்றேன், ஒழுகுனா ரெண்டும் போச்சு.