ட்யூப் ஆம்ப்பின் உள்ளே பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளக்கைப் பிடுங்கியாயிற்று, இனிப் பயமில்லை என்று ட்யூப் ஆம்ப்பின் (கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) சேஸிஸுக்குள், அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டத்துக்குள், கையை விடுவதுதான் முதல் தவறு. மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 300 முதல் 500 வோல்ட் டிசி மிச்சமிருக்கலாம். அது உயிரை எடுக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். தீப்பொறி பறந்து கெப்பாசிட்டரும் கெடும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப் வயர்களில் இணைத்து, முதலில் சேஸிஸிலும் பிறகு கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனையிலும் மாட்டுங்கள். சில நொடிகளில் வடிந்துவிடும். ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் மீட்டரால் அளந்து, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பாருங்கள். கிளிப்பை உடனே எடுக்க வேண்டாம், வடிந்த வோல்டேஜ் மெல்ல ஏறுவதுண்டு. மீட்டர் பிடித்துப் பழகாதவர்கள் தொடாமல் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கையால் கட்டிய எல்லாவற்றையும் ‘பாயிண்ட் டு பாயிண்ட்’ என்று சொல்லிவிடுகிறோம். பாகத்தின் கால்களே சாக்கெட்டுக்கும் டேக் ஸ்ட்ரிப்புக்கும் (சால்டர் முனைகள் வரிசையாக உள்ள பட்டை) நேராகப் போனால்தான் அந்தப் பெயர் பொருந்தும். 1950, 60களின் ஃபெண்டர் ஆம்ப்களில் இருப்பது உலோக வளையங்கள் பதித்த அட்டையான ஐலெட் போர்டு. பிரிண்டட் போர்டு என்றாலே மட்டம் என்பதும் தவறு. தடித்த தாமிரத் தடமும் சேஸிஸில் தனியாக மாட்டிய சாக்கெட்டும் இருந்தால் அது பல்லாண்டு உழைக்கும்.

கோணலாகக் கிடக்கிறதே என்று வயர்களை ஒழுங்குபடுத்துவதுதான் மனதை வலிக்கச் செய்யும் தவறு. கட்டியவரின் கைவண்ணம் அந்த வயர்கள் போகும் வழியில்தான் இருக்கிறது. சாக்கெட்டுகளுக்கு மேலே முறுக்கி எடுத்துச் சென்ற ஜோடி வயரைப் பாருங்கள்: ட்யூபைச் சூடேற்றும் ஹீட்டருக்கான 6.3 வோல்ட் ஏசி. முறுக்கினால் இரண்டு வயர்களின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அடித்துவிடும், ஹம் என்ற ரீங்காரம் குறையும். ட்யூபுக்குச் சிக்னலைக் கொண்டுபோகும் கிரிட் வயரோ சேஸிஸை ஒட்டிப் படுத்திருக்கும். ஹீட்டர் வயரைத் தாண்ட நேர்ந்தால் செங்குத்தாகத் தாண்டும். அழகுக்காக இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஹம் ஏறும். கிரிட் வயர் அடுத்த பெருக்க நிலையின் பிளேட் வயரை (பெருக்கிய சிக்னல் வெளியேறும் வயர்) நெருங்கினால் ஆம்ப் கீச்சிடத் தொடங்கும்.

பழைய பாகம் எல்லாமே பொக்கிஷம் அல்ல. டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றுங்கள், உப்பிய, கசிந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைத் தயங்காமல் மாற்றுங்கள்.

ஒளிரும் ட்யூபைப் பார்க்கும் ஆசையில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யாதீர்கள். லோடு இல்லாமல் சிக்னல் போனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, கம்பிச் சுற்றுகளுக்கிடையே இன்சுலேஷன் பொத்துப்போகும். பவர் ட்யூபின் கண்ணாடியை ஒட்டித் தெரியும் நீல ஒளியைக் கண்டு பயப்பட வேண்டாம், அது இயல்பு. ட்யூபுக்குள் இருக்கும் உலோகத் தகடான பிளேட் செக்கச்செவேலெனப் பழுத்தால் உடனே அணையுங்கள். கண்ணாடியின் உட்புறம் கண்ணாடிபோல் மின்னும் வெள்ளிப் பூச்சு பால்வெள்ளையாகிவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த ட்யூப் இனி ஆகாது.